இரண்டு கால் பட்டாவில், இரண்டு கால் புறம்போக்கில்

அப்பாவின் மரப் பெஞ்சு நேற்று வீடு திரும்பியது. இப்போது கூடத்தின் நடுவில் கிடக்கும் அதை அம்மா ஆக்கிரமிப்பு என்றே குறிப்பிடுகிறார்.

போன செவ்வாய்க்கிழமை நெடுஞ்சாலைத் துறையினர் சாலையோர ஆக்கிரமிப்புகளை அகற்றியபோது, டீக்கடையின் தகரக் கூரை, செல்போன் கடையின் பெயர்ப் பலகை ஆகியவற்றோடு எங்கள் வாசலில் கிடந்த பெஞ்சையும் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்கு முன் மூன்று நாள் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி எச்சரித்தார்கள் என்பதை நான் மறைக்கக் கூடாது. கடைக்காரர்களுக்கு நன்றாக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அப்பா அந்த அறிவிப்பை முழுவதுமாகக் கேட்டது, அதே பெஞ்சில் உட்கார்ந்துதான்.

சாலை ஆய்வாளர் நடுக்கோட்டிலிருந்து டேப் பிடித்து அளந்தபோது, பெஞ்சின் இரண்டு கால்கள் எங்கள் பட்டாவிலும் மற்ற இரண்டும் அரசு நிலத்திலும் நிற்பது தெரிந்தது. அப்படியானால் பாதியைத்தானே எடுக்க வேண்டும் என்று அப்பா கேட்ட நியாயம் பொக்லைன் சத்தத்தில் எடுபடவில்லை.

அன்றிரவே மைத்துனர் சட்டம் பேச வந்துவிட்டார். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, பறிமுதல் செய்த பொருள்களுக்குப் பட்டியல் தர வேண்டும் என்றும், உரியவர் கேட்டால் அழுகும் பொருளை அன்றைக்கே, மற்றவற்றை இரண்டு வேலை நாள்களுக்குள் விடுவிக்க வேண்டும் என்றும் விளக்கினார். இந்த வீட்டில் யார் என்ன வியாபாரம் செய்கிறோம் என்று அம்மா கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. அப்பாவோ, கரையான் அரித்த காலை மனத்தில் வைத்து, பெஞ்சை அழுகும் பொருளில் சேர்த்துவிடலாம் என்றார்.

மனு, ஆதார் நகல், இனிச் சாலையோரத்தில் எதையும் வைக்க மாட்டேன் என்ற உறுதிமொழி ஆகிய மூன்றையும் வாங்கிக்கொண்ட நெடுஞ்சாலைத் துறை அலுவலக எழுத்தர், பெஞ்சு உங்களுடையது என்பதற்கு அத்தாட்சி என்ன என்று கேட்டார். சுண்டல் கிண்ணத்துக்குக்கூடப் பெயர் வெட்டி வைக்கும் அம்மா பெஞ்சை மட்டும் எப்படி விட்டுவைத்தார் என்று தெரியவில்லை.

அலுவலகத்தின் பின்கட்டில் கரும்புச் சாறு இயந்திரத்துக்கும் சலூன் நாற்காலிக்கும் இடையே எங்கள் பெஞ்சு கிடந்தது. அதன் மேல் சாலைப் பணியாளர்கள் மூவர் தூக்குவாளியைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டு பதறி எழுந்தவரை அப்பா தோளைத் தொட்டு உட்கார வைத்தார்.

“அந்த ஓரமா உக்காராதீங்க தம்பி, கால் ஆடும். இந்தப் பக்கம் நகர்ந்துக்குங்க.”

எழுத்தர் அதையே அத்தாட்சியாக எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அவர்கள் சாப்பிட்டுக் கை கழுவட்டும் என்று அப்பா சொல்லிவிட்டதால், வாடகை வண்டிக்காரருக்குக் காத்திருப்புக் கூலியாக நான் 200 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க நேர்ந்தது. அந்தப் பேச்சை அப்பா இதுவரை எடுக்கவில்லை.