ஒரு மதிப்பெண்ணில் தவறிய தேர்வும் அப்பாவின் படகு நோட்டும்

கடந்த வாரம், ஐ.டி. சேவைகளை நிர்வகிக்கும் முறைகளுக்கான அடிப்படைச் சான்றிதழ்த் தேர்வான ஐடிஐஎல் 4 ஃபவுண்டேஷனில் தேறினேன். முதல் முயற்சியில் 25 கேள்விகளுக்குச் சரியாக விடையளித்து, தேர்ச்சிக்குரிய 26-ஐ ஒரு மதிப்பெண்ணில் தவறவிட்டிருந்தேன். தங்கச்சிமடத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, 60 நிமிடத்தின் இறுதியில் 'அசெட்' எது, 'கான்ஃபிகரேஷன் ஐட்டம்' எது என்று தடுமாறிச் சரியான விடையை மாற்றியது இன்றும் உறுத்துகிறது.

வரையறைகளை நான் மனப்பாடம் செய்திருந்தேன். நிதி மதிப்புடையதாகவும் சேவைக்குப் பங்களிக்கக்கூடியதாகவும் இருப்பது அசெட். சேவையை வழங்குவதற்காக நிர்வகிக்கப்பட வேண்டிய எந்தக் கூறும் கான்ஃபிகரேஷன் ஐட்டம், சுருக்கமாக சி.ஐ. மென்பொருள், கட்டடம், ஆவணம், சப்ளையர், ஆட்கள் என எதுவும் சி.ஐ. ஆகலாம். ஒரே சர்வர் இரண்டுமாக இருப்பதும் உண்டு. விலையை வைத்து முடிவெடுத்ததே என் தவறு.

அந்தத் தவறைத் தேர்வுக்கு முன்பே வேலையில் செய்திருக்கிறேன். நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், விலை உள்ளது என்பதாலேயே மவுஸ், கீபோர்டு உட்பட அனைத்தையும் நாற்பது பத்திகள் கொண்ட அட்டவணையில் பதிவு செய்தோம். மூன்றே மாதங்களில் அது உண்மைக்கு மாறாகிப்போனது. ஒரு நெட்வொர்க் சுவிட்சை மாற்றியபோது எந்தப் பிரிவுகளின் இணைப்பு அறுபடும் என்ற கேள்விக்கு அதில் விடையே இல்லை. தகவலைத் திரட்டவும் புதுப்பிக்கவும் ஆகும் உழைப்பு, அத்தகவல் தரும் பயனுக்கு ஈடாக இருக்க வேண்டும் என்ற பாடநூல் வரியை நான் மேலோட்டமாகப் படித்திருந்தேன்.

மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை படகு கரையில் நிற்கும்போது, அப்பா தம் நோட்டைப் புதுப்பிப்பார். அதில் எஞ்சின் எண், எந்த எஞ்சினுடன் எந்த கியர்பாக்ஸ் பொருத்தப்பட்டது, எப்போது மாற்றப்பட்டது, யார் மாற்றினார் என்பவை இருக்கும். வலையில் கட்டிய ஈயக்குண்டுகளின் எண்ணிக்கையும், ஏற்றிய ஐஸ் கட்டிகளின் கணக்கும் இருக்காது. கடலில் எஞ்சின் நின்றால் எதைத் தெரிந்துகொள்ள வேண்டுமோ அதுவே அந்த நோட்டின் எல்லை என்பது, இரண்டாம் முறை படிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆகவே ஒரு கூறைப் பார்க்கும்போது இவற்றைக் கேளுங்கள்:

- இது பழுதானால் அல்லது மாறினால் எந்தச் சேவை பாதிக்கப்படும்?
- இதை மாற்ற ஒருவரின் ஒப்புதல் தேவையா?
- இந்தப் பதிவைப் புதுப்பிக்கும் பொறுப்பு யாருடையது?

மூன்றாவதற்குப் பெயர் சொல்ல முடியாவிட்டால் அதைப் பதிவேட்டில் சேர்க்காதீர்கள். இவற்றோடு கூறுகளுக்கிடையிலான தொடர்பைக் கட்டாயம் எழுதுங்கள், தொடர்பில்லாத சி.எம்.டி.பி. (சி.ஐ.க்களைப் பதிந்து வைக்கும் தரவுத்தளம்) வெறும் சாமான் பட்டியல்.

இந்தத் தேர்வில் கான்ஃபிகரேஷன் மேலாண்மையிலிருந்து நோக்கமும் வரையறையும் மட்டுமே கேட்கப்படும் என்பதால் பலர் அதை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். நான் அதற்கு இரண்டு முழு நாட்கள் கொடுத்தேன். மீதிக்கு மாதிரித் தேர்வுகள் போதுமானவையாக இருந்தன. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லாததால் எதையும் விடையளிக்காமல் விட வேண்டாம். உறுதியாகத் தெரிந்து குறித்த விடையைக் கடைசி ஐந்து நிமிடத்தில் தொடாதீர்கள்.