மூச்சு எத்தனை? செய்முறைத் தேர்வில் ஒருமுறை தவறிய பிறகு நான் படித்த விதம்

அவசர மருத்துவ உதவியாளர் பயிற்சியின் எழுத்துத் தேர்வில் முதல் முயற்சியிலேயே நல்ல மதிப்பெண் வந்தது. செய்முறைத் தேர்வில், விபத்துக் காயப் பிரிவில் தவறிவிட்டேன். எங்கே தவறினேன், அதற்குப் பிறகு எப்படிப் படித்தேன் என்பதை எழுதிவைத்தால் இப்போது தயாராகிக்கொண்டிருப்பவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

காயம்பட்டவராக நடித்தவர் தரையில் படுத்திருந்தார். தொடையிலிருந்து செயற்கை ரத்தம் பீறிட்டது. இடம் பாதுகாப்பானதா என்று பார்த்தேன், கையுறை போட்டேன், காயத்தை அழுத்தினேன். நிற்கவில்லை என்றதும் காயத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் மேலே டூர்னிக்கெட் (ரத்த ஓட்டத்தை நிறுத்தும் இறுக்குப்பட்டை) கட்டி நேரத்தைக் குறித்தேன். மூச்சையும் நாடியையும் எண்ணினேன். அதுவரை எல்லாம் சரி. பிறகு காயத்துக்குக் கட்டுப் போட உட்கார்ந்தேன். அழகாகச் சுற்றிக்கொண்டிருந்தபோது தேர்வாளர் கேட்டார்: "இப்போ மூச்சு எத்தனை?" தொடக்கத்தில் எண்ணிய 18-ஐச் சொன்னேன். "அது அப்போ" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். படுத்திருந்தவர் வேகவேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பெயரைக் கேட்டால் குழறினார். எப்போது அப்படி ஆனார் என்பதே எனக்குத் தெரியாது. அவர் முகத்துக்கும் என் முகத்துக்கும் இடையே இரண்டு அடிகூட இல்லை.

பாடத்தில் இது இருக்கிறது. நிலை மோசமாக உள்ளவரை 5 நிமிடத்துக்கு ஒருமுறையும், நிலையாக உள்ளவரை 15 நிமிடத்துக்கு ஒருமுறையும் மறுபடி பரிசோதிக்க வேண்டும். எழுத்துத் தேர்வில் அந்தக் கேள்விக்குச் சரியான விடையைத்தான் எழுதியிருந்தேன். மனதில் இருந்த விடை கைக்கு வரவில்லை. செய்முறைத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, சிகிச்சை முறைகளைப் படிக்கும் நேரத்தில் பாதியையாவது எண்ணிப் பழகுவதற்குக் கொடுங்கள்.

எண்ணுவது எளிது என்று தோன்றும், எளிதல்ல. பெரியவர்களுக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு, 60 முதல் 100 நாடித்துடிப்பு என்று மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் "உங்கள் மூச்சை எண்ணப்போகிறேன்" என்று சொன்ன நொடியில் எதிரில் இருப்பவரின் மூச்சு மாறிவிடும். மணிக்கட்டில் நாடி பார்த்து முடித்ததும் விரல்களை எடுக்காமல், பார்வையை மட்டும் மார்புக்கு நகர்த்தி, அடுத்த 30 நொடிகளுக்கு மூச்சை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். தாளம் ஒழுங்கற்று இருந்தால் முழு நிமிடமும் எண்ண வேண்டும். வீட்டில் ஒவ்வொருவரையும் நான் இப்படி எண்ணியிருக்கிறேன். தூங்குபவரின் மூச்சை எண்ணுவது நல்ல பயிற்சி, விழித்திருப்பவரை எண்ணுவது அதைவிட நல்ல பயிற்சி.

ரத்தம் குறையும்போது உடல் எந்த வரிசையில் இழப்பை ஈடுகட்டுகிறது என்று தெரிந்தால் இந்த எண்ணிக்கையின் அருமை விளங்கும். முதலில் இதயம் வேகமாகத் துடிக்கும். தோலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும், அதனால் தோல் வெளுத்துக் குளிர்ந்து பிசுபிசுக்கும். மூச்சு வேகமாகும். மனம் நிலைகொள்ளாமல் தவிக்கும், தாகம் எடுக்கும். ரத்த அழுத்தம் விழுவது இவற்றுக்கெல்லாம் பிறகுதான். பிரஷர் நன்றாக இருக்கிறதே என்று நிம்மதியடைபவர், உடலுக்கு ரத்த ஓட்டம் போதாமல் போகும் அதிர்ச்சி நிலையின் முதல் பகுதியைத் தவறவிட்டவர். குழந்தைகளிடம் இது இன்னும் ஆபத்து. அழுத்தத்தைக் கடைசிவரை தாங்கிப் பிடித்துவிட்டுச் சட்டென்று விழுந்துவிடுவார்கள்.

இதயம் நின்றவரின் மார்பை அழுத்தி உயிர் மீட்கும் சிபிஆர் பிரிவில் பெரும்பாலானோர் தேறிவிடுகிறார்கள், அங்கேயும் இரண்டு இடங்கள் வழுக்கும். ஒன்று, திணறும் மூச்சு. "எப்போதாவது வாயைத் திறந்து காற்றை இழுக்கிறார், நினைவில்லை" என்று தேர்வாளர் சொன்னால், மூச்சு இருக்கிறது என்று முடிவுகட்டி ஒருக்களித்துப் படுக்க வைத்துவிடுகிறார்கள். அது மூச்சு அல்ல. இதயம் நின்ற பிறகு மூளைத்தண்டிலிருந்து எழும் அனிச்சையான இழுப்பு. நாடியைப் பார்க்க 10 நொடிக்கு மேல் எடுக்கக் கூடாது. உறுதியாகத் தெரியவில்லை என்றால் மார்பை அழுத்தத் தொடங்குங்கள்.

இன்னொன்று, கையை முழுவதும் மேலே விடாமல் அழுத்துவது. 5 சென்டிமீட்டர் ஆழம், 6-ஐத் தாண்டக் கூடாது, நிமிடத்துக்கு 100 முதல் 120 என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். களைப்பு வந்ததும் உடம்பின் பாரம் மார்பின் மேலேயே தங்கிவிடுகிறது. மார்பு முழுதாக எழுந்தால்தான் இதயத்தில் ரத்தம் நிரம்பும், நிரம்பாத இதயத்தை எவ்வளவு அழுத்தியும் பயனில்லை. 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறச் சொல்வது இதனால்தான். தனக்குக் களைப்பு இல்லை என்று அழுத்துபவர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஆழம் குறையத் தொடங்கிவிடும்.

எனக்கு இது மனதில் பதிந்தது ஒரு வரலாற்றுச் செய்தியால். 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மின்னதிர்ச்சி கொடுத்து இதயத்தை மீட்கும் கருவியை நாய்களிடம் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கனமான மின்முனைகளை மார்பில் வைத்து அழுத்தியபோதே, மின்சாரம் பாயும் முன்பே, ரத்த அழுத்தம் சற்று எழுவதை அங்கிருந்த ஆய்வாளர் நிக்கர்பாக்கர் கவனித்தார். கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் மூவரும் 1960-இல் அதை வெளியிட்டார்கள். நாம் இன்று செய்யும் மார்பழுத்தம் அங்கிருந்து வருகிறது. ஒருவர் கருவியை விட்டுவிட்டு நாயின் அழுத்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கிடைத்த அறிவு இது. இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவியைப் பயன்படுத்தும்போது இதை நினைத்துக்கொள்வேன். அதிர்ச்சி கொடுத்ததும் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே அழுத்தத்தைத் தொடர வேண்டும்.

ஆக்சிஜன், வாயில் சேரும் ரத்தத்தையும் சளியையும் உறிஞ்சும் சக்‌ஷன் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பை பொருத்திய மாஸ்க் என்றால் பை நிறைந்த பிறகே முகத்தில் வைக்கவும், நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர். நாக்கு தொண்டையை அடைக்காமலிருக்கப் போடும் வாய்வழிக் குழாயை வாயோரத்திலிருந்து காதுமடல்வரை அளந்து எடுக்கவும். குமட்டல் அனிச்சை உள்ளவருக்கு அதைப் போடக் கூடாது. இவை இரண்டு மாலைகளில் கைக்கு வந்துவிடும்.

நினைவு நிலையை அளக்கும் கிளாஸ்கோ கோமா அளவுகோலில் மிகக் குறைந்த மதிப்பெண் 3, பூஜ்யம் அல்ல. எழுத்துத் தேர்வில் இதை வைத்துத்தான் மடக்குவார்கள். அதிகபட்சம் கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6. அசைவுப் பகுதியை ஒருவரை ஒருவர் நடிக்கச் சொல்லிப் பழகுங்கள். வலியை நோக்கிக் கையைக் கொண்டுவருவதற்கும் வலியிலிருந்து கையை இழுத்துக்கொள்வதற்கும் உள்ள வேறுபாடு புத்தகத்தில் ஒரு வரி, கண்ணால் பார்த்தால்தான் புரியும். முதல் நிமிடத்தில் இதெல்லாம் வேண்டாம். விழிப்பு, குரலுக்கு எதிர்வினை, வலிக்கு எதிர்வினை, எதிர்வினை இல்லை என்ற நான்கு படிகள் போதும்.

தீக்காயத்தில், உடற்பரப்பை ஒன்பது சதவீதப் பகுதிகளாகப் பிரித்து எரிந்த அளவைக் கணக்கிடும் ஒன்பதின் விதியை எல்லோரும் படித்துவிடுவார்கள். ஓடும் குளிர்நீரில் 20 நிமிடம் என்பதைத்தான் மறக்கிறார்கள். ஐஸ் வேண்டாம்.

பலர் ஒரே நேரத்தில் காயப்படும் நிலைமைக்கான வகைப்பிரிப்புதான் எனக்கு மனதளவில் மிகக் கடினமாக இருந்தது. யாரை முதலில் கவனிப்பது என்று வண்ண அட்டையால் குறிக்கும் ஸ்டார்ட் முறையில் நடக்க முடிந்தவர்கள் பச்சை. மற்றவர்களிடம் மூச்சு நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டாமல் இருக்கிறதா, நகத்தை அழுத்தி விட்டால் 2 நொடிக்குள் நிறம் திரும்புகிறதா, சொன்னதைச் செய்கிறாரா என்று பார்க்க வேண்டும். ஒன்றில் தவறினாலும் சிவப்பு (உடனே கவனிக்க வேண்டியவர்), மூன்றிலும் தேறினால் மஞ்சள் (சற்றுக் காத்திருக்கலாம்). மூச்சே இல்லாத பெரியவருக்குக் காற்றுப்பாதையைத் திறந்தும் மூச்சு வரவில்லை என்றால் கறுப்பு அட்டை வைத்துவிட்டு அடுத்தவரிடம் போக வேண்டும். முதல் பயிற்சியில் நான் அங்கேயே மண்டியிட்டு மார்பை அழுத்த ஆரம்பித்துவிட்டேன். பக்கத்தில் சிவப்பு அட்டை வாங்க வேண்டிய இருவர் காத்திருந்தார்கள். இப்போதும் அந்த அட்டையை வைக்கும்போது கை தயங்கும். தயக்கம் வருவது தவறென்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்தத் தயக்கம் பயிற்சிக் கூடத்திலேயே வந்துபோக வேண்டும்.

தவறிய பிறகு மூன்று பேர் சேர்ந்து ஒரு முறையை உருவாக்கினோம். ஒருவர் நோயாளி, ஒருவர் உதவியாளர். மூன்றாமவரின் வேலை ஒன்றே ஒன்று. உதவியாளர் கட்டுப் போடுவதிலோ கருவியிலோ மூழ்கியிருக்கும் நேரம் பார்த்து நோயாளியின் காலை லேசாகத் தொடுவார். அந்த நொடியிலிருந்து நோயாளி மோசமாக வேண்டும். பேச்சு குறையும், மூச்சு கூடும், சில நேரம் நின்றேவிடும். 30 நொடிக்குள் உதவியாளர் கண்டுபிடிக்காவிட்டால் முதலிலிருந்து. முதல் வாரம் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. நோயாளியாக நடித்த நாட்களில்தான் நான் அதிகம் கற்றேன். தரையில் படுத்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது, அக்கறையுள்ள ஒரு மனிதர் என் காலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

தேர்வில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்வார்கள். சொல்லுங்கள், ஆனால் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். "மூச்சைப் பரிசோதிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே பையில் கத்தரிக்கோலைத் தேடுபவரைத் தேர்வாளர் உடனே கண்டுகொள்வார். சிபிஆர், தொண்டையில் அடைப்பு போன்றவற்றின் வழிகாட்டு விதிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்படுகின்றன. பழைய குறிப்பேட்டை வாங்கிப் படிப்பவர்கள், தேர்வு எந்த ஆண்டுப் பதிப்பின்படி நடக்கிறது என்பதைப் பயிற்றுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் முறை எனக்கு முன்கைக் காயம் வந்தது. ரத்தத்தை நிறுத்தி, மூச்சை எண்ணினேன், 20. கட்டு பாதியில் இருக்கும்போது மறுபடி பார்வையை மார்புக்குக் கொண்டுபோனேன், 28. கையில் இவ்வளவு ரத்தம் போகவில்லையே, மூச்சு ஏன் ஏறுகிறது? கட்டின் நுனியை உதவிக்கு நின்றவரிடம் கொடுத்துவிட்டு, கழுத்து அசையாமல் பிடிக்கச் சொல்லி அவரை ஒருபக்கமாகத் திருப்பினோம். மேலாடையை வெட்டினேன். முதுகில், தோள்பட்டை எலும்புக்குக் கீழே, ஒரு சிறிய துளைக் காயம் வரையப்பட்டிருந்தது. கையுறைக் கையால் அதை மூடினேன்.

ஆம்புலன்ஸ் குழுவாக நடித்தவர்களிடம் ஒப்படைத்தபோது நான் சொன்னது இவ்வளவுதான்: "வலது முன்கையில் வெட்டு, அழுத்தியதில் ரத்தம் நின்றது. முதுகில் வலப்பக்கம் துளைக் காயம், 10.46-க்குப் பார்த்தேன், மூடியிருக்கிறது. மூச்சு 10.41-க்கு 20, 10.45-க்கு 28, இப்போ 30. பேசுகிறார், ஆனால் பதில் தாமதமாக வருகிறது."