கட்டாயம் என்று எழுதினேன், யாரும் கட்டுப்படவில்லை

ரவுட்டர்களுக்கு யாங் மொழியில் தரவு மாதிரி (எந்தெந்த அமைப்பு விவரங்களை எப்படித் தர வேண்டும் என்ற வரையறை) எழுதிப் பிழைக்கும் எனக்கு, சென்ற மாதம் வரை ‘மேண்டேட்டரி ட்ரூ’, அதாவது ‘இது கட்டாயம்’, என்ற தொடரின் மேல் அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது. தொலைச் சர்வர்களின் லிஸ்ட் ஒன்றில், உள்நுழையும் வழிகளை ஒரு சாய்ஸுக்குள், அதாவது பலவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கும் அமைப்புக்குள், வைத்திருந்தேன். அதன் ஒரு கேஸில் (ஒரு தேர்வில்) பயனர்பெயரும் கடவுச்சொல்லும், இன்னொன்றில் சான்றிதழ் மட்டும். மூன்று லீஃபுகளையும் (ஒற்றை மதிப்பு கொண்ட புலங்களை) கட்டாயமாக்கிவிட்டு, பயனர்பெயரை மட்டும் கொடுத்துப் பார்த்தபோது, கடவுச்சொல் எங்கே என்று யாங்லின்ட் என்ற சரிபார்ப்புக் கருவி அதட்டியது. அந்த அதட்டலில் குளிர்ந்துபோய் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் சோதனைப் பிரிவுத் தோழி, சர்வரின் பெயரை மட்டும் எழுதி, இரண்டு வழிகளில் எதையுமே கொடுக்காமல் அனுப்பினார். மறுபேச்சின்றி ஏற்கப்பட்டது. கருவியில்தான் பிழை என்று நான் அரைமணி நேரம் வாதாடினேன். (குரலையும் கொஞ்சம் உயர்த்தினேன்.) மூத்தவர் ஒருவர் எதுவும் பேசாமல், யாங் மொழியின் விதிகளைச் சொல்லும் ஆவணமான ஆர்எஃப்சி 7950-இன் 7.6.5 பிரிவைத் திறந்து வைத்தார். கேஸுக்குள் இருக்கும் லீஃபின் கட்டாயம், அந்தக் கேஸிலிருந்து ஏதாவது ஒன்று தரவில் வந்திருந்தால் மட்டுமே செல்லும்.

“இட்லிக்குச் சாம்பார் கட்டாயம், தோசைக்குச் சட்னி கட்டாயம் என்று ஓட்டலில் எழுதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் எதுவுமே கேட்காமல் உட்கார்ந்திருந்தால் எந்த விதியை மீறினீர்கள்?” என்று கேட்டார். அதைவிடச் சான்றிதழின் கதைதான் பரிதாபம்; அந்தக் கேஸில் அது தனியாக இருப்பதால், ‘சான்றிதழ் இருந்தால் சான்றிதழ் இருந்தே ஆக வேண்டும்’ என்பதுதான் நான் இயற்றிய சட்டம்.

கட்டாயத்தைச் சாய்ஸின் மேலேயே ஏற்றியதும் ‘மிஸ்ஸிங்-சாய்ஸ்’ என்ற பிழைச்செய்தி ஒழுங்காக வந்தது. எதுவும் தராவிட்டால் தானாக எடுத்துக்கொள்ளப்படும் டிஃபால்ட்டாகக் கடவுச்சொல் வழியையும் வைத்துவிடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். கட்டாயமான சாய்ஸுக்கு டிஃபால்ட் கூடாது என்பதை அதே ஆவணத்தில், இம்முறை குரலை உயர்த்தாமல், காட்டினேன்.

சான்றிதழுக்குக் கீழே இருந்த பயனற்ற ‘மேண்டேட்டரி ட்ரூ’ வரியையும் நீக்கி மதிப்பாய்வுக்கு அனுப்பினேன். “சான்றிதழ் இனிமேல் கட்டாயம் இல்லையா?” என்று கேள்வி வந்தது. இட்லி, சாம்பார், தோசை, சட்னி அனைத்தையும் எடுத்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்ட மதிப்பாய்வாளர், “சரிதான், ஆனாலும் அந்த வரி இருந்துவிட்டுப் போகட்டுமே, பார்க்க ஒரு தெம்பாக இருக்கிறது” என்றார். திரும்பவும் சேர்த்துவிட்டேன்.