தோளில் வந்த எஞ்சினும் படகில் தங்கிய குழாயும்

2022 ஆம் ஆண்டின் இறுதியில், கொழும்பு முகத்துவாரத்தில் நான் வேலை செய்துகொண்டிருந்த பட்டறைக்கு, படகின் பின்புறத்தில் மாட்டும், 15 குதிரைவலு கொண்ட இரண்டு ஸ்ட்ரோக் மண்ணெண்ணெய் எஞ்சின் ஒன்று ஒரே மாதத்தில் மூன்று முறை வந்தது. அதன் சொந்தக்காரர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்திலிருந்து கண்ணாடியிழைப் படகில் தொழிலுக்குப் போகிறவர். பெற்றோலில் எஞ்சின் எழும்புகிறது, மண்ணெண்ணெய்க்கு மாற்றினாலும் ஓடுகிறது, ஆனால் முழு வேகத்தில் பத்து நிமிடம் போனதும் இளைத்து நின்றுவிடுகிறது என்பதே மூன்று முறையும் அவர் சொன்ன குறை.

அந்த வருடத்தில் எரிபொருளைச் சந்தேகிக்காத மெக்கானிக் யாரும் இருந்திருக்க முடியாது. தட்டுப்பாட்டு மாதங்களில் கைமாறிக் கைமாறிக் கேன்களில் வந்த எண்ணெயில் தண்ணீரும் கசடும் கலந்திருந்தன. மண்ணெண்ணெயை விடத் தண்ணீர் கனமானதால் அது தாங்கியின் அடியில் தங்கி, படகு அலையில் ஆடும்போது மட்டும் உறிஞ்சு குழாயின் வாய்க்கு வரும். அத்தோடு, தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் கரையேற்றி வைத்த எஞ்சின்களில், எரிபொருளைக் காற்றோடு கலக்கும் காபரேட்டரின் கிண்ணத்தில் தேங்கிய பெற்றோல் வற்றிப் பசையாகி, எண்ணெயை அளந்து விடும் ஜெட்டின் நுண்ணிய துளையை அடைத்துவிடுவதும் நாங்கள் ஒவ்வொரு வருடமும் காண்பதுதான். ஆகவே நான் காபரேட்டரைக் கழற்றினேன், ஜெட்களைக் கழுவிக் காற்றடித்தேன், மிதவையின் உயரத்தையும் ஊசி வால்வையும் பார்த்தேன், பில்டரை மாற்றினேன். பட்டறைப் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, எஞ்சினை அதில் இறக்கி, பட்டறைத் தாங்கியில் இணைத்து ஓட்டிப் பார்த்தபோது குறை சொல்ல எதுவும் இருக்கவில்லை. மறுநாள் கடலில் அது மறுபடியும் நின்றது.

இரண்டாம் முறை எரிபொருள் பம்பைத் திறந்தேன். அந்தப் பம்புக்குத் தனியாக மோட்டார் கிடையாது. பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அதன் கீழேயுள்ள கிராங்க் கேஸ் என்ற அறையில் எழும் அழுத்த மாற்றமே டயபிரம் என்ற ஒரு மெல்லிய சவ்வை அசைத்து எண்ணெயை இழுக்கிறது. டயபிரம் விறைத்துவிட்டாலோ ஊசிமுனை அளவு கிழிந்துவிட்டாலோ மெதுவான ஓட்டத்துக்கு எண்ணெய் போதும், முழு வேகத்துக்குப் போதாது. இந்த எஞ்சினின் அறிகுறி அதோடு அச்சொட்டாகப் பொருந்தியது. எஞ்சின் இளைக்கும்போது குழாயின் நடுவே உள்ள றப்பர் கைப்பம்பை அழுத்தினால் வேகம் திரும்புகிறது என்று அவர் சொன்னதும் என் சந்தேகத்தை உறுதியாக்கியது. டயபிரத்தை மாற்றிக் கொடுத்தேன். நான்கு நாளில் எஞ்சின் மூன்றாம் முறையாக அவருடைய தோளில் வந்தது.

அன்று அவர் கோபப்படவில்லை. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியிருந்தது. நின்ற எஞ்சினோடு துடுப்பு வலித்துக் கரைக்கு வந்த ஒவ்வொரு நாளும் அவருக்கு எவ்வளவு நட்டம் என்பது எனக்குத் தெரியும். எஞ்சினை இறக்கி வைத்துவிட்டு அவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: “தம்பி, உங்கட பீப்பாயில ஓடுது, எங்கட கடல்ல ஓடுதில்லையே.”

அந்த வார்த்தையில்தான் விடை இருந்தது. பட்டறைக்கு வந்தது எஞ்சின் மட்டுமே. அவருடைய தாங்கியும் குழாயும் மூன்று முறையும் படகிலேயே தங்கிவிட்டன. நான் என்னுடைய தாங்கியிலும் என்னுடைய குழாயிலும் ஓட்டிப் பார்த்து, பழுதில்லாத பாதியைத் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்று மாலையே பட்டறைக் குழாயை எடுத்துக்கொண்டு படகுக்குப் போனேன். முதலில் தாங்கி மூடியின் காற்றுத் திருகைப் பார்த்தேன். அது மூடியிருந்தால் எண்ணெய் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி, கைப்பம்பு சப்பிப்போயிருக்கும். திருகு திறந்தே இருந்தது, கைப்பம்பும் சப்பவில்லை. எனவே தடை கைப்பம்புக்கு முன்னால் இல்லை. இணைப்பின் றப்பர் வளையமும் நன்றாகவே இருந்தது. கைப்பம்பிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாய்த் துண்டை மட்டும் மாற்றிவிட்டு இருவருமாகக் கடலில் இறங்கினோம். பத்து நிமிடம் கடந்தது, இருபது நிமிடம் கடந்தது, எஞ்சின் நிற்கவில்லை.

கரைக்கு வந்து பழைய குழாயை நெடுக்காகப் பிளந்து பார்த்தோம். வெளியில் வெடிப்பு எதுவும் இல்லை. உள்ளேயோ மெல்லிய உட்தோல் வெங்காயச் சருகுபோல் பிரிந்து நின்றது. கைப்பம்பை அழுத்தும்போது எண்ணெயின் தள்ளுதலில் அந்தத் தோல் சுவரோடு ஒட்டி வழிவிடும். எஞ்சினின் பம்பு வேகமாக உறிஞ்சும்போது உட்புறமாக இழுபட்டு வழியை அடைக்கும். நான் பம்பின் பலவீனம் என்று நம்பியதற்கு இதுவே காரணம். புதுக் குழாயும் கிளிப்பும் பஞ்சிகாவத்தையில் வாங்கினோம். திருத்தத்துக்கு அவர் ஏற்கெனவே கொடுத்திருந்த தொகையோடு ஒப்பிட்டால் அதன் விலை மிகச் சிறியது.

விடயம் அத்தோடு முடியவில்லை. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் மசகெண்ணெய் எரிபொருளோடு கலந்தே உள்ளே போவதால், எரிபொருள் குறையும்போது பிஸ்டனுக்கு மசகும் குறைகிறது. சிலிண்டர் மூடியைக் கழற்றிப் பார்த்தபோது மேல் பிஸ்டனில் கீறல்கள் தெரிந்தன. நான் காபரேட்டரைக் கழுவிக்கொண்டிருந்த வாரங்களில் விழுந்த கீறல்கள் அவை. பிஸ்டனையும் வளையங்களையும் மாற்றிக் கொடுத்தேன். கூலி வாங்க எனக்கு மனம் வரவில்லை.

அதன் பிறகு எரிபொருள் குறையோடு யார் வந்தாலும், தாங்கியையும் குழாயையும் சேர்த்துக் கொண்டுவரச் சொல்கிறேன். நிற்பதற்கு எத்தனை நிமிடம் ஆகிறது, எந்த வேகத்தில் நிற்கிறது, அந்த வேளையில் கைப்பம்பு எப்படி இருந்தது என்று கேட்டு முடிக்கும்வரை திருகுசாவியைக் கையில் எடுப்பதில்லை. சிலருக்கு இது வீண் தாமதமாகத் தெரிகிறது, நான் விட்டுக்கொடுப்பதில்லை.

அவர் இன்னும் வருகிறார். ஒக்டோபரில் கடல் தணிந்து படகை இறக்குவதற்கு முன், எஞ்சினைப் படகிலேயே விட்டுவிட்டு, சுருட்டிய குழாயை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு பட்டறை வாசலில் நிற்பார். நான் அதை வாங்கி, விரல்களால் அங்குலம் அங்குலமாக அழுத்திப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன்.