14ஆம் படமும் 31ஆம் படமும்

வீடு வாங்குவோருக்கும் பழைய வீட்டைப் புதுப்பிப்போருக்கும் ஆய்வறிக்கை எழுதித் தருவது எங்கள் வேலை. மாதம் ஒருமுறை கூடி, ஒருவர் எழுதிய அறிக்கையை மற்றவர்கள் வரிவரியாகப் படித்துக் குறை காண்பது எங்கள் குழுவின் வழக்கம். குழுவில் சிலர் பல ஆண்டுகள் பிளம்பராக வேலை பார்த்தவர்கள். சிலர் எலக்ட்ரீஷியனாக இருந்து வந்தவர்கள். நான் கட்டட மேற்பார்வையிலிருந்து வந்தவன் என்பதால், இரண்டு துறைகளின் விதிகளையும் முதலில் நூலில் கற்று, பிறகுதான் கண்ணும் கையும் பழகினேன். அப்படி ஒரு கூட்டத்தில் என் அறிக்கை ஒன்றைப் பற்றி நடந்த விவாதம், நான் வேலை செய்யும் முறையையே மாற்றியது.

அது 50 ஆண்டுகளைக் கடந்த வீடு. உட்புறம் துருவேறி அடைத்துப்போன ஜி.ஐ. குழாய்களை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்களை நீக்கிவிட்டு, அண்மையில்தான் பிளாஸ்டிக் குழாய்களைப் பதித்திருந்தார்கள். செய்தவர் கவனமான தொழிலாளி. சுடுநீர் செல்லும் பகுதிக்கு அதன் வெப்பத்தைத் தாங்கும் வகைக் குழாயைப் போட்டிருந்தார். கழிவுக் குழாய்க்கு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வாட்டம் தப்பாமல் இருந்தது. கைகழுவும் தொட்டியின் அடியில், சாக்கடை நாற்றம் மேலே வராமல் நீரால் தடுக்கும் வளைவான ட்ராப்பில் 50 மில்லிமீட்டர் ஆழத்துக்கு நீர் நின்றது. வெளிச்சுவரைத் துளைத்துக்கொண்டு புதிய குழாய் வீட்டுக்குள் நுழையும் இடத்தை எடுத்த படம், அறிக்கையில் 14ஆம் எண். மின்சாரப் பகுதியிலும் எனக்குக் குறையேதும் தென்படவில்லை. வீட்டின் மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டி.பி. பெட்டியிலிருந்து இறங்கிய எர்த் கம்பி, அதாவது பழுதில் கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுசெல்ல வேண்டிய கம்பி, மாடிப்படியின் அடியில் ஓர் இரும்புக் குழாயில் துருவில்லாத கிளாம்பினால் இறுகப் பிணைக்கப்பட்டிருந்தது. மின்கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. கருவியின் சோதனைப் பொத்தானை அழுத்தியதும் அது உடனே விழுந்தது, அதாவது மின்சாரத்தைத் துண்டித்தது. கிளாம்பின் படம் 31ஆம் எண். அதன் கீழே 'எர்த் இணைப்பு உறுதியாக உள்ளது' என்று எழுதியிருந்தேன்.

முன்னாள் பிளம்பரான மூத்த சக ஆய்வாளர் இரண்டு படங்களையும் மேசையில் அருகருகே வைத்தார். "14ஆம் படத்தில் வெளியிலிருந்து உள்ளே வருவது பிளாஸ்டிக் குழாய்தானே? அப்படியென்றால் 31இல் இருக்கும் இந்த இரும்புக் குழாயில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் குழாயில் தண்ணீரே இல்லை. பழைய இணைப்பை அறுத்தெடுத்தபோது சுவருக்குள் விட்டுவைத்த ஒரு துண்டு அது. மண்ணோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. மறுநாள் காலையே அங்கு சென்று அளந்தபோது, எர்த் வழியின் மின்தடை கருவியின் அளவெல்லையைத் தாண்டியது. அந்த வீட்டில் அப்போது எர்த் என்று ஒன்று இருக்கவே இல்லை.

இதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். 230 வோல்ட் வீட்டில், மிகை மின்னோட்டத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்சுகளில் பி வகையைச் சேர்ந்த 16 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்று நொடிக்கும் குறைவான நேரத்தில் உறுதியாக விழ வேண்டுமானால், அதன் வழியே 80 ஆம்பியர் பாய வேண்டும். பழுதுற்ற மின்னோட்டம் சென்று திரும்பும் முழுச் சுற்றின் தடையும் 2.87 ஓமுக்குள் இருந்தால்தான் அவ்வளவு மின்சாரம் பாயும். தடை 50 ஓமாகிவிட்டால் பாய்வது 4.6 ஆம்பியர்தான், எம்.சி.பி. அதை இயல்பான உபயோகமாகவே எடுத்துக்கொண்டு அசையாமல் இருக்கும். பாதையே இல்லாதபோது நிலைமை இன்னும் மோசம். எர்த் கம்பிகள் எல்லாம் பெட்டியில் ஒன்றாக இணைந்திருப்பதால், சலவை இயந்திரத்தில் ஒரு ஃபேஸ் கம்பி உரசினாலும் கீசரின் உடலும் குளிர்சாதனப் பெட்டியின் கதவும் சேர்ந்தே மின்னேறி நிற்கும். எர்த் கம்பியே இழுக்காத வீட்டில் பழுதான சாதனம் ஒன்றுதான் ஆபத்து. கம்பி இழுத்து மண்ணில் சேர்க்காத வீட்டில் எல்லாச் சாதனங்களும் ஆபத்து.

கூட்டத்தில் விவாதம் நீண்டது. எலக்ட்ரீஷியனாக இருந்த நண்பர் ஒருவர், ஆர்.சி.டி. வேலை செய்யும்போது உயிருக்கு ஆபத்தில்லை, ஆகவே இதைச் சாதாரணக் குறைபாடாக எழுதினால் போதும் என்றார். அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை. ஆர்.சி.டி. வேலை செய்ய எர்த் தேவையில்லை. ஃபேஸில் போவதும் நியூட்ரலில் திரும்புவதும் சமமாக இல்லாவிட்டால் அது விழும். சோதனைப் பொத்தானும் அந்தச் சமமின்மையைத்தான் உள்ளுக்குள்ளேயே உண்டாக்குகிறது. ஆகவே பொத்தான் வேலை செய்வதை வைத்து எர்த் இருப்பதாக முடிவு செய்ய முடியாது; அந்த முடிவை அரை மனத்தோடு எடுத்தவன் நான். எர்த் இருக்கும் வீட்டில், கசிவு தொடங்கியதுமே ஆர்.சி.டி. விழுந்துவிடும், யாரும் எதையும் தொட வேண்டியதில்லை. எர்த் இல்லாத வீட்டில் கசிவுக்கு வழி கிடைப்பது ஒருவர் ஈரக் கையோடு தொடும்போதுதான். 30 மில்லிஆம்பியர் என்ற எல்லையை அவருடைய உடல்தான் கருவிக்குக் காட்டித்தர வேண்டும். வீட்டு மின்னமைப்புக்கான ஐ.இ.சி. 60364 என்ற சர்வதேசத் தரநிலையும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.டி.யைக் கூடுதல் பாதுகாப்பு என்றுதான் வகைப்படுத்துகிறது. அடிப்படைப் பாதுகாப்புக்கு அதை மாற்றாகக் கொள்வதில்லை.

இன்னொருவர் எழுப்பிய கேள்வி கடினமானது. தண்ணீர்க் குழாயையே எர்த்தாகப் பயன்படுத்துவது அந்த வீடு கட்டிய காலத்தில் பல இடங்களில் ஏற்கப்பட்ட முறை. விதி மாறியதற்காகப் பழைய அமைப்பைக் குறை என்று எழுதலாமா என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான், கட்டிய நாளின் விதிக்கு உட்பட்ட அமைப்பை இன்றைய நூலைக் கையில் வைத்துக்கொண்டு தண்டிப்பதை நானும் விரும்புவதில்லை. ஆனால் அந்தச் சலுகை, கட்டியபோது இருந்த அமைப்புக்கு உரியது. தெருவரை தொடர்ச்சியாகப் புதைந்திருந்த உலோகக் குழாயை நம்பித்தான் அன்றைய எலக்ட்ரீஷியன் கிளாம்பை மாட்டினார். பின்னால் வந்த பிளம்பர் தன் துறையின் விதி எதையும் மீறாமலேயே அந்த நம்பிக்கையின் அடித்தளத்தை அகற்றிவிட்டார். இருவரில் யாரையும் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை. ஆனால் வீட்டை முழுமையாகப் பார்ப்பதற்கென்றே அமர்த்தப்பட்ட நான் அதைக் காணாமல் விட்டதற்கு எந்தச் சமாதானமும் இல்லை.

அதன் பிறகு, ஒரு வேலை இன்னொரு வேலையின் மேல் விழும் இடங்களைத் தேடிப் பார்க்கத் தொடங்கினேன். மின்சாரம் கலக்காத குழாய் வேலைக்குள்ளேயே அது நடப்பதைக் கண்டேன். ஒரு வீட்டில் கொள்கலன் வகைக் கீசரின் பாதுகாப்பு வால்வு சொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது; அதைத் தாங்காத வீட்டுக்காரர் அதன் வாயில் ஒரு மூடியைத் திருகிவிட்டார். வால்வில் பழுதில்லை. சில மாதங்களுக்கு முன் நுழைவுக் குழாயில் யாரோ ஒரு திருப்பத் தடுப்பு வால்வை, தண்ணீரை ஒரு திசையில் மட்டும் விடும் வால்வைப் பொருத்தியிருந்தார்கள். அதுவும் தனியாகப் பார்த்தால் நல்ல வேலை. 100 லிட்டர் தண்ணீர் 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் கூடுகிறது. முன்பு அந்தக் கூடுதல் நீர் தெருக்குழாய்ப் பக்கமாகப் பின்வாங்கிக்கொண்டது. தடுப்பு வால்வு வந்ததும் அதற்குப் போக்கிடம் இல்லாமல் அழுத்தம் ஏற, பாதுகாப்பு வால்வு தன் கடமையைச் செய்தது. அங்கே தேவைப்பட்டது, கூடும் நீருக்கு இடம் தரும் விரிவுத் தொட்டி. அந்த மூடியோ, வெப்பக் கட்டுப்பாடு என்றாவது பழுதாகிற நாளில் கொள்கலனை வெடிக்கும் கலமாக்கக்கூடியது. உரிமையாளரை நிற்கவைத்தே கீசரை அணைக்கச் சொல்லி, ஆறிய பிறகு மூடியைக் கழற்றச் செய்துவிட்டுத்தான் புறப்பட்டேன்.

குளியலறைகளிலும் இப்படித்தான். ஷவரை ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு மாற்றும்போது, அதுவரை முறையான தூரத்தில் இருந்த பிளக் சாக்கெட், யாரும் தொடாமலேயே ஈரமண்டலத்துக்குள், அதாவது தண்ணீர் தெறிக்கும் எல்லைக்குள் வந்துவிடுகிறது.

முதலில் சொன்ன வீட்டில், மண்ணில் புதிய எர்த் கம்பம் இறக்கி, அதற்கு நேராகக் கம்பி இழுத்தார்கள். அந்த மண்ணில் கிடைத்த தடைக்கு எம்.சி.பி.யை மட்டும் நம்ப முடியாது என்பதால், கசிவின்போது மின்சாரத்தைத் துண்டிக்கும் பொறுப்பு ஆர்.சி.டி.க்கே போனது, இப்போது அதற்குக் கசிவைக் காட்டித்தர மண்ணுக்குள் ஒரு பாதை இருக்கிறது. திருத்திய அறிக்கையில் இரண்டு படங்களையும் ஒரே பக்கத்தில் வைத்து, அவற்றின் கீழே என் முதல் குறிப்பு தவறு என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும், கருவிப் பையைத் திறப்பதற்கு முன் நான் கேட்பது, இங்கே கடைசியாக எதை மாற்றினீர்கள் என்பதுதான். எங்கள் அறிக்கைப் படிவத்தில் குழாய்ப் பகுதிக்கும் மின்சாரப் பகுதிக்கும் நடுவே, அந்தப் பதிலை எழுத ஒரு பக்கத்தைச் சேர்த்திருக்கிறோம். அதை நடுவில் வைப்பதா முகப்பில் வைப்பதா என்பதில் மட்டும் குழுவில் இன்னும் கருத்து ஒன்றுபடவில்லை. முகப்பில் இருந்தால்தான் அடுத்து வேலைக்கு வரும் பிளம்பர் படிப்பார் என்கிறார் அந்த மூத்தவர்; நானும் அவர் பக்கம்.