ஊசி நுனி

ஜனவரி 4, சனி

சர்க்யூட் போர்டில் குட்டிப் பாகங்களைக் கையால் சால்டர் செய்யப் பழகுகிறேன். முதல் 0603 அளவு ரெசிஸ்டர் காணாமல் போய்விட்டது. நீளமே 1.6 மி.மீ.தான், அகலம் அதில் பாதி. ட்வீசரைச் சற்று அழுத்தினேன். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தரையில் தவழ்ந்து தேடியதில் பழைய ஸ்க்ரூ ஒன்று கிடைத்தது. இரண்டாவது ரெசிஸ்டர் சால்டரிங் அயர்ன் நுனியிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. கை நடுங்குகிறது. இந்த வயதில் இது நமக்கு ஆகாது போல.

ஜனவரி 5, ஞாயிறு

ரெசிஸ்டரின் இரு முனையும் உட்காரும் உலோகத் திட்டுகளான இரண்டு பேடிலும் முன்கூட்டியே சால்டர் ஈயம் வைத்ததுதான் நேற்றைய தப்பு. இரண்டு மேட்டின் மேல் ஏறி உட்கார்ந்தால் ரெசிஸ்டர் ஆடாமல் என்ன செய்யும்? இன்று ஒரு பேடில் மட்டும் ஒரு துளி. அதை உருக்கி, உருகியிருக்கும்போதே ரெசிஸ்டரைப் பக்கவாட்டில் தள்ளி உள்ளே விட்டேன். அயர்னை எடுத்த பிறகும் ட்வீசரை விடக் கூடாது. ஈயம் உறைகிற அந்த ஒரு நொடி பொறுக்க வேண்டும். அப்புறம் மறுமுனை. பதினொன்று வைத்தேன். இரண்டு கோணல். கோணலானாலும் கரண்ட் போகும், சரி.

ஜனவரி 8, புதன்

ரெசிஸ்டர் முதுகில் 103 என்று இருந்தால் 10 கிலோ ஓம். செராமிக் கெபாசிட்டரில் ஓர் எழுத்தும் கிடையாது. 22 பிகோஃபாரடையும் 100 நானோஃபாரடையும் ஒரே தட்டில் கொட்டிவிட்டேன். மீட்டரில் அளந்து பிரித்ததோடு பொழுது போயிற்று.

ஜனவரி 11, சனி

இன்று அட்மெகா328பி என்ற மைக்ரோகன்ட்ரோலர் சிப். பக்கத்துக்கு எட்டாக 32 கால், இடைவெளி 0.8 மி.மீ. முதல் காலைக் காட்டும் மூலைப் புள்ளியை மூன்று தடவை சரிபார்த்துவிட்டு, எதிரெதிர் மூலைகளில் ஒவ்வொரு காலை மட்டும் பிடிக்கவைத்தேன். பிறகு ஈயம் நன்றாக ஒட்ட உதவும் ஃப்ளக்ஸைத் தாராளமாகத் தடவி, நுனியில் கொஞ்சம் ஈயத்தோடு வரிசைக்கு ஒரே இழுப்பு. ஃப்ளக்ஸ் இருக்கும்வரை ஈயம் சொன்ன பேச்சைக் கேட்கிறது: உலோகத்தில் ஒட்டுகிறது, நடுவிலுள்ள பச்சைப் பூச்சில் நிற்காமல் விலகுகிறது. ஃப்ளக்ஸ் புகைந்து தீர்ந்ததும் இழுபட்டு வால் விடுகிறது. அப்படித்தான் 3, 4 ஆம் கால்கள் இரண்டும் சேர்ந்துகொண்டன. 3 கிரவுண்டு, 4 சப்ளை. சேரக் கூடாத ஜோடியாகப் பார்த்துச் சேர்ந்திருக்கிறது! செப்புப் பின்னலில் ஃப்ளக்ஸ் தொட்டு அழுத்தியதும் உறிஞ்சிக்கொண்டது. மீட்டர் பீப் அடிக்கவில்லை; இணைப்பு விட்டுவிட்டது.

ஜனவரி 12, ஞாயிறு

கிரவுண்டு பேடில் மட்டும் ஈயம் உருண்டை கட்டி நின்றது. அயர்னின் 330 டிகிரியை 400 ஆக்கினேன்; ஃப்ளக்ஸ் கருகியதுதான் மிச்சம். 63/37 வெள்ளீய-ஈயக் கலவை 183 டிகிரியிலேயே உருகிவிடுமே! அகலமான செம்புப் பரப்போடு சேர்ந்த பேட் சூட்டை எல்லாம் இழுத்துக்கொள்கிறது. ஊசி நுனியால் அந்த வேகத்துக்குச் சூடு கொடுக்க முடியவில்லை. சின்ன பாகத்துக்குச் சின்ன நுனி என்று நானாக முடிவு செய்து வாங்கியது அது. உளி நுனியை மாட்டி, பழையபடி 330. இரண்டே நொடியில் பரவியது.

கோணல் ரெசிஸ்டர்கள் இரண்டிலும் ஃப்ளக்ஸ் வைத்து உளியைப் பக்கவாட்டில் சாய்த்தேன். இரு முனையும் ஒன்றாக உருக, தானே நேராக வந்து உட்கார்ந்துகொண்டன. கை அதே நடுக்கத்தோடுதான் இருந்தது.

சப்ளை கொடுத்தேன். பவர் எல்.ஈ.டி. எரியவில்லை. லென்ஸில் பார்த்தால் திருப்பி வைத்திருக்கிறேன்.