எண்பதைத் தாண்டியவருக்கு முற்றிய மார்பகப் புற்று: சிகிச்சையில் எது மாறுகிறது

"இந்த வயசுல ஊசி குத்திப் பாத்து என்ன ஆகப்போகுது?" என்று வீட்டில் ஒருவராவது கேட்பார். அதற்காகப் பயாப்ஸியைத் தள்ளிப்போட வேண்டாம். முழு மயக்கம் தேவையில்லை. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து சதை எடுப்பார்கள். ஈஆர், பிஆர் (புற்று செல்லில் பெண் ஹார்மோன்களை ஏற்கும் புரதங்கள்), ஹெர்2 (புற்றை வேகமாக வளரவைக்கும் புரதம்) மூன்றும் பார்த்த ரிப்போர்ட் வந்தால்தான் வழி தெரியும். இந்த வயதில் பெரும்பாலும் ஈஆர் பாசிட்டிவ்தான். அப்போது கீமோவுக்குப் போகாமல், ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைக் குறைக்கும் லெட்ரோசோல் 2.5 மில்லிகிராம் மாத்திரை தினம் ஒன்றோடு தொடங்குவதே வழக்கம். புற்று செல் பெருகுவதைத் தடுக்கும் பால்போசிக்லிப் போன்ற மாத்திரைகளைக் கூடச் சேர்ப்பதா என்பது உடல் எவ்வளவு தாங்கும் என்பதைப் பொறுத்தது.

மூன்று வாரத்தில் கட்டி சுருங்கவில்லையே என்று சிலர் லெட்ரோசோலை நிறுத்திவிடுகிறார்கள். மெதுவாக வேலை செய்கிற மருந்து இது. மூன்று மாதம் கழித்து அளந்து பார்க்க வேண்டும். மூட்டு வலிக்கும், எலும்பு தேயும். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், புற்றுக்கு முன்பே அது படுக்கையில் தள்ளிவிடும். கால்சியம், வைட்டமின் டியோடு குளியலறைக் கைப்பிடியும் சிகிச்சைதான்.

ரொம்ப ஏமாற்றுவது கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு. 86 வயது, 42 கிலோ, கிரியேட்டினின் 1.0 என்றால் லேப் தாளில் நார்மல். 140இல் வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியேட்டினினை 72ஆல் பெருக்கி வரும் எண்ணால் வகுத்து, பெண் என்பதால் 0.85ஆல் பெருக்குங்கள்: 27தான் வரும். சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லி ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்பதன் கணக்கு இது. புற்று எலும்பில் பரவியவர்களுக்கு எலும்பைக் காக்கப் போடும் சோலெட்ரோனிக் அமில ஊசியை, இந்த எண் 30க்குக் கீழே இருந்தால் பொதுவாகப் போடுவதில்லை. அதே வேலைக்கான டெனோசுமாப் ஊசி போடலாம், ஆனால் ரத்தத்தில் கால்சியம் சடாரென்று இறங்கலாம். ரத்தம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எதைப் போட்டாலும் முதலில் பல் டாக்டர். சிகிச்சை நடுவே பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். எடை மாறினால் அந்தச் சிறுநீரகக் கணக்கும் மாறும் என்பதால், ஒவ்வொரு முறையும் எடை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

திடீர்க் குழப்பம், தாகம், மலச்சிக்கல், ஓயாத தூக்கம். "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாமல் அன்றே ரத்தத்தில் கால்சியம் பாருங்கள். புற்று எலும்பில் பரவினால் அது ஏறலாம், மருந்தால் இறக்கவும் முடியும். எலும்பு வலிக்கு 8 கிரே (கதிர்வீச்சின் அளவு) ஒரே தடவை கொடுத்தாலே போதுமானவர்கள் நிறைய. தினமும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை.

மார்புக் கட்டி தோலை உடைத்துப் புண்ணாகிவிட்டால் நாற்றம்தான் மனிதரை ஒதுக்கிவிடுகிறது. நாற்றம் உண்டாக்கும் கிருமியைக் கொல்லும் மெட்ரோனிடசோல் ஜெல் தடவினால் சில நாளில் குறையும். காய்ந்த கட்டுத்துணியைப் பிய்க்காதீர்கள், ரத்தம் கொட்டும். சலைன் (உப்புக் கரைசல்) ஊற்றி ஊறவிட்டு எடுங்கள். ரத்தம் கசிந்தால், ரத்தத்தை உறைய வைக்க உதவும் டிரானெக்ஸாமிக் அமில மருந்தில் நனைத்த காஸ் துணியை வைத்து பத்து நிமிடம் அழுத்துங்கள். நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.